என் கையில் மட்டும் நிற்கிற கார்

மே 7, 1957. செவ்வாய்

காலையிலேயே வெயில். சுவர் தொட்டால் சுடுகிறது.

அன்னவாசலில் வாராந்தர நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வண்டி மறுபடியும் நின்றது. முதலில் இழுவை குறையும். பிறகு விட்டு விட்டு ஓடும், திக்கித் திக்கிப் பேசுகிறவனைப் போல. பிறகு சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டுச் சாவியைப் போட்டால் ஒன்றும் நடக்காதது மாதிரி புறப்படும். ஈஸ்டருக்கு முன்னால் தொடங்கிய சனியன் இது.

புளியமரத்தடியில் நானும் ஆஸ்பத்திரி ஆயா பாக்கியமும். கூடிய ஆண்கள் சொன்ன காரணங்கள்: பெட்ரோலில் தண்ணீர். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. எஞ்சின் சூடு. கண் பட்டது. மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவன் நிற்காமலே, "பொம்பள ஓட்டுனா அப்புடித்தான்."

வீட்டில் அண்ணன். (இனி இந்த நோட்டில் அ. தான். முழுதாக எழுதக் கை வரவில்லை.) சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே, "எங்கிட்ட ஒரு நாளும் நிக்கலையே ரோசு? போன ஞாயித்துக்கெழம ஆவூர் போய் வந்தேன். குதிர மாதிரி ஓடுச்சு."

உண்மைதான். அதுதான் எரிச்சல். அவர் கையில் நிற்பதே இல்லை.

வண்டி அப்பாவுடையது. அப்பா போனபின் அ. பேரில் இருக்கிறது. பெட்ரோல் என்னுடையது, டயர் என்னுடையது, ரிப்பேர் என்னுடையது. பேர் அவருடையது.

தலைவலி. லூர்து அண்ணி ரசம் கொண்டுவந்து வைத்தாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். சொல்லவில்லை. போய்விட்டாள்.


மே 8. புதன்

மெக்கானிக் வேலுச்சாமியின் பட்டறை. ஸ்டூல் போட்டார்கள், எனக்கில்லை, அ.வுக்கு. நான் கேள்வி கேட்டால் வேலுச்சாமி பதிலை அ.வுக்குச் சொல்கிறான்.

"எப்ப நிக்குது?" என்றான் அ.விடம்.

"நான்தான் ஓட்டுறேன். என்னைக் கேளுங்க" என்றேன்.

"சரிங்கம்மா. சார், அம்மா சோக்க இழுத்துவிட்டு ஓட்டுறாகளா?"

பானெட்டைத் திறந்து காட்டினான். பெட்ரோல் பம்பு, கரண்டில் ஓடுகிறது. சாவியைப் போட்டதும் டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்குகிறது. டாங்கியிலிருந்து உறிஞ்சி இந்தப் பக்கம் தள்ளுவது அதன் வேலை. அதற்குள் கரண்டைத் தொட்டுவிடும் பாயிண்டு கருகிவிட்டதாம், அதனால் நினைத்தால் அடிக்கும், நினைத்தால் அடிக்காது.

கேட்டேன், "வண்டி நிக்கிறப்ப பம்பு அடிக்குதா இல்லையான்னு பாத்துட்டா தெரிஞ்சிருமே?"

சிரித்தான். அ.வும் சிரித்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி, மூக்கால்.

மத்தியான பஸ்ஸில் திருச்சியிலிருந்து புதுப் பம்பு வந்து, போட்டாயிற்று. அ. டாங்கியை நிரப்பச் சொன்னார், நிரப்பினேன். திருமயம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு இருமல்கூட இல்லையாம். சாவியை என் கையில் போடும்போது, "இனியும் நின்னா வண்டி மேல குத்தஞ் சொல்லாத."

செவ்வாய்க்கிழமை கிராமச் சுற்றுக்கு எடுத்துப் போக வேண்டியவை: கத்தரிக்கோல், ஸ்பிரிட், கொயினா, குழந்தைகளுக்குப் பேதி மருந்து. வெள்ளைப் புடவை இஸ்திரி.


மே 14. செவ்வாய்

எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

அன்னவாசலைத் தாண்டி ஒரு சின்ன ஊர். சின்னப்பொண்ணு, முதல் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது. ஒரு கை வெளியே. அங்கே வைத்துச் செய்ய முடியாது, ஆஸ்பத்திரி வேண்டும். புருஷன் கருப்பையா வண்டி கட்ட மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான்தான் சொன்னேன், "மாட்டு வண்டி வேண்டாம். கார்ல ஏத்து. சீக்கிரம் போயிரலாம்."

நான்தான் சொன்னேன்.

சித்தன்னவாசல் பிரிவு வருவதற்கு முன்னால் இழுவை குறைந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி உயிர் போய் நின்றது. சாவி. மறுபடி சாவி. கருப்பையா இறங்கித் தள்ளினான். தனியாகத் தள்ளினான். பின் இருக்கையில் பாக்கியம் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்கிறாள். வெட்டவெளி. ஒரு நிழல் இல்லை. பாறைகள் மட்டும், ஜன்னி கண்டவன் நெற்றி மாதிரி கொதித்துக்கொண்டு.

பானெட்டைத் திறந்து பம்பில் காது வைத்தேன். அடிக்கிறது! ஆனால் டிக்... டிக்... என்று இழுத்து இழுத்து. கை வைத்தால் சுட்டது. அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை.

நடுரோட்டில் நின்று வருகிற வண்டியை மறித்தேன். வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி. வைக்கோலை ரோட்டில் தள்ளச் சொல்லிக் கத்தினேன். தள்ளினார்கள். சின்னப்பொண்ணை ஏற்றினோம். பாக்கியத்தைக் காரோடு விட்டுவிட்டுப் புறப்பட்டோம். நாங்கள் கண்ணுக்கு மறைந்ததும் என் வண்டி, அதே வண்டி, பாக்கியம் சாவியைத் திருப்பிப் பார்த்தபோது கிளம்பிவிட்டதாம். அவளுக்கு ஓட்டத் தெரியாது. அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் நாடி இல்லை. குளோரோபாரம் கொடுத்து எடுத்தோம். தாய்க்கு ரத்தம் நிறையப் போயிற்று. தாய் பிழைத்தாள்.

துணியில் சுற்றிக் கருப்பையா கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.


மே 15. புதன்

கருப்பையா இன்று மனைவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். ஜுரம் இறங்கவில்லை, மயக்கம் முழுதாகத் தெளியவில்லை, கூடாது என்றேன். வராந்தாவில் எல்லார் முன்னாலும், "ஒங்க வைத்தியம் போதும். ஒங்க காரும் போதும்" என்றான். நர்ஸ்கள் தரையைப் பார்த்தார்கள்.

அ. அதற்குள் கேள்விப்பட்டுவிட்டார். ஊரில் எல்லாரும் பேசுகிறார்களாம். சாப்பாட்டு மேசையில்:

"காரை வித்துரலாம். அரிசி மில்லுக்காரர் கேக்குறாரு. ஞாயித்துக்கெழம வந்து ஓட்டிப் பாக்குறேன்னுருக்காரு."

"அப்ப கிராமத்துக்கு நான் எதுல போறது?"

"எதுக்குப் போகணும்? போய் என்ன கிழிச்ச? அவன் வீட்டு மாட்டு வண்டில போயிருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்கும்."

கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அண்ணி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "விடுங்க, பாவம்" என்றாள் அவரிடம். "நீ சும்மா இரு" என்றார்.

சந்தேகம் வந்துவிட்டது. எழுதிவிடுகிறேன். அவரே ஏதோ செய்கிறார். விற்பதற்காகச் செய்கிறார். ராத்திரி ஷெட்டுக்குள் போகிறாரா? என்ன செய்தால் அவருக்கு ஓடி எனக்கு நிற்கும்? என் கூடப் பிறந்தவரைப் பற்றி இப்படி நினைக்கிறேன். நினைக்கத்தான் செய்கிறேன்.


மே 17. வெள்ளி

லீவு போட்டேன். ஷெட்டுக்குள் நானும் வண்டியும்.

தெரிந்தது என்ன? புதுப் பம்பு போட்டும் நிற்கிறது. ஆகவே பம்பு இல்லை. வேலுச்சாமி சிரித்த சிரிப்புக்கு ஒரு கும்பிடு. செவ்வாயன்று பம்பு அடித்தது, ஆனால் திணறி. கரண்டு வராமல் இருந்தால் அடித்தே இருக்காது. பம்பு உறிஞ்சுகிறது, பெட்ரோல் வரவில்லை. அதனால்தான் சூடு.

இன்னொன்று. எனக்கு எப்போதுமே திரும்பும்போதுதான் நிற்கிறது. போகும்போது ஒரு நாளும் இல்லை. அ.வுக்கு எப்போதுமே இல்லை.

திரும்பும்போது என்றால் இரண்டு வித்தியாசம். வெயில் ஏறியிருக்கும். பெட்ரோல் குறைந்திருக்கும்.

வெயிலா? டாங்கியை நிரப்பிக்கொண்டு உச்சி வெயிலில் போனேன், திருமயம் ரோடு, போய் வந்தேன். பாக்கியம் தலையில் ஈரத்துணியுடன் பக்கத்தில், ஜெபமாலையை உருட்டிக்கொண்டு. எஞ்சின் கொதித்தது. நிற்கவில்லை.

அப்படியானால் வெயில் இல்லை.

சாப்பிடவில்லை. அண்ணி மோர் கொடுத்தனுப்பினாள். திருப்பி அனுப்பினேன்.


மே 18. சனி

ரப்பர் குழாய் வைத்து டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி டின்னில் இறக்கினேன். வாயெல்லாம் பெட்ரோல். அடியில் கொஞ்சம் மட்டும் விட்டேன். குளிர்ந்த நேரத்திலேயே, சூரியன் மேலே வருவதற்குள், கீரனூர் ரோடு.

ஊரை விட்டு வெளியே வந்ததும் நின்றது.

இத்தனை நாளில் வண்டி நின்றதற்காகச் சந்தோஷப்பட்டது இன்றுதான். ஸ்டியரிங்கைக் கையால் அடித்தேன். பாக்கியம் பயந்துவிட்டாள்.

பம்பு: இழுத்து இழுத்து அடித்தது, சூடு. பம்பில் வந்து சேரும் குழாயைக் கழற்றினேன். சொட்டு இல்லை. சைக்கிள் பம்பை அதில் வைத்துப் பின்னோக்கி அடித்தேன், டாங்கி பக்கமாக. முதலில் கனத்தது. பிறகு விட்டுக்கொடுத்தது. பின்னால் காதை வைத்துக்கொண்டிருந்த பாக்கியம், "குமிழி வருதும்மா, குடுகுடுங்குது" என்றாள். குழாயை மாட்டினேன். சாவி. டிக் டிக் டிக். ஓடியது.

டாங்கிக்குள் ஏதோ கிடக்கிறது. பெட்ரோல் நிறைய இருந்தால் குழாய் வாயை விட்டுத் தள்ளி மிதக்கிறது. குறைந்தால் வந்து வாயை அடைக்கிறது. எஞ்சின் நின்றதும் இழுப்பு இல்லை, தானாக விலகுகிறது. அவ்வளவுதான்.

அ.வுக்கு ஏன் நிற்பதில்லை என்பதும் அவ்வளவுதான். சனிக்கிழமை நான் நிரப்புவேன், ஞாயிறு அவர் எடுத்துக்கொண்டு போவார். நிறைந்த டாங்கி அவருக்கு, வற்றிய டாங்கி எனக்கு. குதிரை மாதிரி ஓடுமாம்!

அவர் ஷெட்டுக்குள் வந்து சதி செய்யவில்லை. சந்தேகப்பட்டதற்கு மனம் கொஞ்சம் குறுகியது. கொஞ்சம்தான்.

நாளை மில்லுக்காரர் வருகிறார். டாங்கியில் நிரப்பவில்லை. பெட்ரோல் டின் ஷெட்டு மூலையில் சாக்குக்குக் கீழே. அ. பெட்ரோல் முள்ளைப் பார்க்கிற ஆள் இல்லை, பார்த்தாலும் அது அப்பா காலத்திலிருந்தே பாதியில்தான் நிற்கிறது. சொல்லலாம். சொல்லப் போவதில்லை.


மே 19. ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். மில்லுக்காரர் பட்டு வேட்டியோடு வந்தார். குடுமியான்மலை கோயிலுக்கு ஒரு நேர்ச்சையாம், அங்கேயே போய் வரலாம், வண்டியும் தெரிந்துவிடும் என்றார். அ. ஸ்டியரிங்கில். மில்லுக்காரர் முன்னால். நான் பின்னால்.

"நீ எதுக்கு?" என்றார் அ.

"காத்தாட" என்றேன்.

வழி நெடுக அ.வின் பேச்சு. அப்பா எப்படி வைத்திருந்தார், தான் எப்படி வைத்திருக்கிறேன். "தங்கச்சி டாக்டரு. நல்ல டாக்டரு. ஆனா மிசினு வேற விசயம் பாருங்க. வண்டிக்கு ஆம்பளக் கை வேணும்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். போகும்போது நிற்குமா, வரும்போதா என்பது மட்டும்தான் கவலை.

பாதி வழி. இழுவை குறைந்தது. அ. கியரை மாற்றினார். மிதித்தார். திக்கியது. நின்றது.

சாவி. சாவி. சோக்கை இழுத்தார். உள்ளே தள்ளினார். மறுபடி இழுத்தார். கழுத்தில் வியர்வை ஓடியது. மில்லுக்காரர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"என்ன சவரிமுத்து, ஆம்பளக் கைதானே வச்சீங்க?"

இதை நான் சொல்லவில்லை. மில்லுக்காரரே அ.வைக் கேட்டார். ஆண்டவர் பெரியவர்.

அ. திரும்பி என்னைப் பார்த்தார். "என்ன செஞ்ச?"

"பெட்ரோல் ரொப்பல. அவ்வளவுதான். டாங்கில என்னமோ கெடக்கு. கொறஞ்சா அடைக்குது."

"தெரிஞ்சே வந்தியா?"

"தெரிஞ்சேதான் வந்தேன். செவ்வாக்கெழம எனக்குத் தெரியாம இருந்துச்சு. ஒரு பொண்ணு பின்னாடி கத்திக்கிட்டுக் கெடந்தா. ஒங்களுக்கு மில்லுக்காரர்தானே?"

மில்லுக்காரர் சைக்கிள் ஒன்றை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். நாங்கள் இருவரும் வண்டிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றோம். அது புறப்படச் சம்மதித்தபோது நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் போய் உட்கார்ந்தார்.


மே 20. திங்கள்

வேலுச்சாமியிடம், "டாங்கியக் கழட்டுங்க" என்றேன். "தேவையில்லீங்கம்மா" என்றான். "கழட்டுங்க." கழற்றினான்.

கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினான். வந்தது. பெரிய கைக்குட்டை அகலத் துணி, பெட்ரோலில் ஊறி, கருவாட்டுத் துண்டு மாதிரி சுருண்டு. வேலுச்சாமி முகம் வெளுத்துவிட்டது. "எம் பட்டறைத் துணி இல்லம்மா. சத்தியமா இல்ல." அவன் பட்டறையில் எல்லாம் பழைய பனியன். இது தைத்த துணி. ஓரத்தில் நீல நூல்.

அந்த நீல நூலை எனக்குத் தெரியும். என் தலையணை உறையிலும் இருக்கிறது.

வீடு. அ. சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் துணியை வைத்தேன். பெட்ரோல் நாற்றம்.

"என்ன இது?"

"டாங்கில இருந்துச்சு."

"வேலுச்சாமி வச்சிருப்பான்."

அண்ணி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். துணியை எடுத்து விரித்தாள்.

"இது நான் ஓரம் தச்ச துணி" என்றாள்.

"லூர்து, நீ உள்ள போ."

போகவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள், அவரைப் பார்க்கவில்லை. "ஈஸ்டருக்கு முந்தி, தவசு காலத்துல ஆவூரு போனோம்ல. வழியில பெட்ரோல் ஊத்திட்டு இவுக டாங்கி மூடிய அங்கயே வச்சுட்டு வந்துட்டாக. இந்தத் துணியத்தான் வாயில அடைச்சுக் கொண்டாந்தாக. வீட்டுக்கு வந்து பாத்தா துணியக் காணோம். புது மூடி வாங்கிப் போட்டாக. துணி உள்ள விழுந்திருக்குமோன்னேன். ரோட்டுல விழுந்திருக்கும்னாக."

"அதுக்கப்புறம் கார் நிக்க ஆரம்பிச்சுச்சே, அப்பயாவது?"

"மொதத் தடவ நின்னப்பவே சொல்லிருங்கன்னேன். ஒங்க அண்ணன்தான்... மானம் போயிரும்னு."

அ. கையை உதறினார். "நான் என்ன வேணும்னா போட்டேன்?"

"வேணும்னு போடல. வேணும்னு வாய மூடிக்கிட்டு இருந்தீங்க. வைக்கோல் வண்டிய மறிச்சு நான் கத்திக்கிட்டு நின்னப்ப, ஒங்க துணிதான் அதுக்குத் தொண்டையில அடைச்சிருந்துச்சு. மறுநா இதே எடத்துல உக்காந்து என்னையக் கேட்டீங்களே, போய் என்ன கிழிச்சன்னு."

எழுந்து கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"அந்த ஊருக்கு வியாழக்கெழம போறேன். நீங்களும் வாங்க. நீங்களே சொல்லுங்க."

"நான் வர மாட்டேன்."

பெட்டியைக் கட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஆவூருக்குப் போய்விட்டார். சாவி மேசை மேல் கிடந்தது. விற்பனைப் பேச்சு இல்லை.

அண்ணி அடுப்படியில் அழுதாள். நான் போகவில்லை. இத்தனை நாள் மோர் கொடுத்தாள், ரசம் கொடுத்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கொடுத்திருந்தால்? அவளையும் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் திரும்பி வந்தபின் வீட்டில் அவள் என்ன பாடு படப்போகிறாள் என்பதும் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.


மே 23. வியாழன்

மேகம். மழை இல்லை.

தனியாகப் போனேன். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நின்றிருந்தால் திரும்பிப் போயிருப்பேனோ என்னவோ.

கருப்பையா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டாங்கி, துணி, என் அண்ணன், தெரிந்தும் சொல்லாதது. அவன் திரிப்பதை நிறுத்தவில்லை.

முடித்ததும், "யாரு துணின்னு தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப் போகுது?" என்றான்.

"ஒனக்குத் தெரியணும்னு தோணுச்சு."

"அன்னைக்கு விடியவும் வண்டி கட்டிருப்பேன். டாக்டரம்மா காரு செவ்வாக்கெழம வரும், அதுல போனா சீக்கிரம்னு ஊருல சொன்னாக. அதான் காத்துக் கெடந்தேன். ஒங்க காருன்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா நான் காத்தே இருக்க மாட்டேன்."

இது எனக்குத் தெரியாது.

"சொல்லிட்டீங்கள்ல. போங்க."

திரும்பினேன். உள்ளேயிருந்து சின்னப்பொண்ணு குரல். பிறகு அவளே வந்தாள், நிலையைப் பிடித்துக்கொண்டு. ஜுரம் இல்லை. மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பால் கட்டியிருக்கிறது, பார்த்தாலே தெரிந்தது.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கவா? எனக்கு மயக்கமா இருந்துச்சு. என்ன புள்ள அது? கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்குறாக."

கருப்பையாவைப் பார்த்தேன். அவன் கயிற்றைப் பார்த்தான். கை நின்றிருந்தது.

"பொம்பளப் புள்ள" என்றேன்.

"முடி இருந்துச்சா?"

"நெறைய. காது வரைக்கும் இருந்துச்சு."

அவள் கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.